பாதி மாத்திரை

அருள்ராஜ் ஆரணியில் ஓர் அரிசி ஆலையின் லாரியை ஓட்டினான். பெங்களூர், ஹூப்ளி, சில சமயம் பம்பாய் வரைக்கும் மூட்டை ஏற்றிக்கொண்டு போவான். ஒரு முறை ஹூப்ளியிலிருந்து ஒரு மூட்டை காய்ந்த மிளகாயோடு வந்து இறங்கினான். "அங்க சல்லிசா இருந்திச்சி" என்று சொல்லிவிட்டு, காலனியில் ஒரு வீடு விடாமல் அளந்து கொடுத்தான். தன் வீட்டுக்கு வைத்துக்கொள்ள மறந்துபோனான். சுபத்ரா சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் நின்றாள். அப்படிப்பட்ட மனிதன்.

சுபத்ரா தெள்ளார்ப் பக்கத்துப் பெண். கல்யாணமான அடுத்த வருடம், 1995-இல், ஷீபா பிறந்தாள். அருள்ராஜ் ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் காலனியை ஒட்டியிருந்த ஆலயத்துக்குப் போவார்கள். அவனுக்குப் பாட வராது. ஆனாலும் எல்லோரையும் விட உரக்கப் பாடுவான்.

1999 கோடையில் அவனுக்கு வந்த காய்ச்சல் போகவே இல்லை. உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. வேலூரில் ரத்தத்தைச் சோதித்தார்கள். பிறகு சுபத்ராவுக்கும் சோதித்தார்கள், நான்கு வயது ஷீபாவுக்கும் சோதித்தார்கள். மூன்று பேருக்கும் எய்ட்ஸ் கிருமி இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அருள்ராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தபடியே பேசினான்.

"என்னாலதான். உங்க ரெண்டு பேரையும் நான்தான்..."

"கஞ்சி ஆறுது. குடி" என்றாள் சுபத்ரா.

அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள், துணி மாற்றினாள், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டாள். 'மன்னிச்சிட்டேன்' என்று அவன் கேட்ட ஒரு வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை. ஐப்பசி மழையில் அவன் போய்ச் சேர்ந்தான்.

இன்ன நோய் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. நெல் களத்தில் அவித்த நெல்லைக் காயவைத்துத் துழாவும் வேலைக்கு அவள் போனபோது, மற்றப் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் வேறு நிழல் தேடிப் போனார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஆலயத்திலிருந்து வந்தது.

சபைச் செயலர் குப்புராஜ் ஒரு மாலை அவள் வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. அருள்ராஜை அடக்கம் செய்ய இடம் தரக்கூடாது என்று சிலர் முனகியபோது அவர்களை அதட்டி அடக்கியவர் அவர்தான். வாசலிலேயே நின்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எப்படிச் சொல்றதுன்னே தெரியலம்மா. திருவிருந்துல எல்லாரும் ஒரே பாத்திரத்துல குடிக்கிறோம். ஜனங்க பயப்படுதுங்க. நீ அப்பம் மட்டும் வாங்கிக்கயேன். பாத்திரம் வேணாம்."

"ஆயர் ஐயா சொன்னாரா?"

"அவருக்கு இன்னும் சொல்லல."

அன்றே அவர் ஆயரிடமும் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் ஆயர் ஆளனுப்பினார். வயதான மனிதர், ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. "சுபத்ரா, நீ கடைசியா வா. எல்லாரும் வாங்கினப்புறம் வா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இவரும் இப்படித்தானா என்று அவளுக்கு நெஞ்சு கசந்தது. போகவே வேண்டாம் என்று நினைத்தாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனாள். எல்லோரும் எழுந்து போய் வாங்கித் திரும்பும்வரை கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தாள். பிறகு தனியாக நடந்து போய் முழங்காலிட்டாள். ஆயர் அப்பம் கொடுத்தார். பாத்திரத்தை அவள் உதட்டில் வைத்துச் சாய்த்தார். அவள் குடித்தாள்.

மீதி இருக்கும் திராட்சை ரசத்தைக் கொட்டக்கூடாது. ஆயர்தான் குடித்து முடிக்க வேண்டும். அது முறை. அவர் சபையைப் பார்த்துத் திரும்பினார். அவள் வாய் வைத்த அதே பக்கத்தில் வாய் வைத்து, அவசரமில்லாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். துணியால் பாத்திரத்தைத் துடைத்து மூடினார். பிறகு எப்போதும்போல ஆசீர்வாதம் கூறினார்.

அதைப் பற்றி அவர் பிரசங்கம் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போதுதான் சுபத்ராவுக்கு என்ன நடந்தது என்று முழுதாகப் புரிந்தது. ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, அருள்ராஜ் செத்ததற்கும் சேர்த்து அன்றைக்குத்தான் அழுதாள்.

ஷீபாவைப் பள்ளியில் முதலில் தனியாக உட்காரவைத்தார்கள். பிறகு, மற்றப் பிள்ளைகளின் பெற்றோர்கள் கூடி வந்து சத்தம் போட்டபின், வரவேண்டாம் என்றார்கள். ஷீபா அதற்கெல்லாம் அசரவில்லை. அதிகாரம் செய்கிற குழந்தை. இரவு ஜெபத்தில் கோழிக்கு, கோழிக்குஞ்சுகளுக்கு, எதிர்வீட்டு ஆட்டுக்கு, அப்பா ஓட்டிய லாரிக்கு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டுவாள். நாள் முழுவதும் களத்தில் நின்ற சுபத்ரா நடுவில் தூங்கிவிட்டால் தொடையில் தட்டி எழுப்புவாள். "நான் இன்னும் ஆமென் சொல்லலம்மா. நீ பாட்டுக்குத் தூங்கிகினு கிடக்கிற."

எட்டு வயதில் அவள் வாயெல்லாம் வெள்ளையாகப் புண் பூத்தது. எதை விழுங்கினாலும் எரிந்தது. கார்த்திகை மாதத்தில் ஒரு மத்தியானம், தெருவில் ஐஸ் வண்டியின் மணிச் சத்தம் கேட்டது.

"ம்மா, சேமியா ஐஸ் வாங்கித் தாம்மா."

"சளி கட்டிக்கும்டி. வேணாம்."

"முழுங்கல. வாயில வெச்சிகினு துப்பிடறேன்."

"நல்லாயிடட்டும், வாங்கித் தரேன்."

மணிச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் போய் மறைந்தது. ஷீபா மறுபடி கேட்கவில்லை. டிசம்பர் இரண்டாம் வாரத்தில், ஆலயத்தில் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அம்மாவின் மடியில் இறந்துபோனாள். சவப்பெட்டி மிகச் சிறியது. குப்புராஜ் வேறு யாரையும் எதிர்பார்க்காமல் தனியாகவே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். வழி முழுக்க அழுதுகொண்டே போனார்.

அதற்குப் பின் சுபத்ரா ஆலயத்துக்குப் போகவில்லை. சுவரில் மாட்டியிருந்த இயேசுவின் படத்தைக் கழற்றி எறிய மனம் வரவில்லை; பார்க்கவும் முடியவில்லை. அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினாள். அந்தப் படத்தின் முதுகைப் பார்த்துத்தான் பேசினாள். பேச்சு என்றால் திட்டுதான். சமைக்கும்போது, தண்ணீர் பிடிக்கும்போது, பாயில் படுத்தபடி, "ஏன்? அது உனக்கு இன்னா பண்ணிச்சி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

2004 ஏப்ரலில் லீலா அவளைத் தேடி வந்தாள். லீலா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷீபாவுக்குக் கடைசி வரைக்கும் வந்து மருந்து கொடுத்தவள்.

"சுபத்ரா, தாம்பரத்துல மாத்திரை குடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. காசு இல்லாம. ஆயுசுக்கும் சாப்பிடணும், ஆனா சாப்பிட்டா பொழச்சிகினு இருக்கலாம். குழந்தைங்களுக்கும் குடுக்கறாங்க."

சுபத்ரா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"எப்போலேந்து சிஸ்டர்?"

"இந்த மாசந்தான்."

அந்தப் பதிலைக் கேட்டு சுபத்ரா எழுந்து பின்பக்கம் போனாள். கோழிக்கூண்டைத் திறந்தாள், மறுபடி மூடினாள். எதற்குப் போனோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச். நான்கு மாதம் அந்தப் பிள்ளையால் தாங்கியிருக்க முடியாதா? அவளை எடுத்துக்கொள்ள நான்கு மாதம் கர்த்தரால் தாமதித்திருக்க முடியாதா?

திரும்பி வந்து, "எனக்கு வேணாங்க. நான் யாருக்காகப் பொழைக்கணும்?" என்றாள்.

லீலா வற்புறுத்தவில்லை. "சரி, உனக்கு வேணாம். முள்ளிப்பட்டுல ஒரு பொண்ணு இருக்கா, பரிமளான்னு. புருஷன் செத்துட்டான். அவளுக்கும் குழந்தைக்கும் இருக்குது. தனியா மெட்ராஸ் பக்கம் போனதே கிடையாது. நீ வேலூர் ஆஸ்பத்திரியெல்லாம் பாத்தவ. அவங்களையாச்சும் கூட்டிகினு போயேன்."

"என்னால ஆவாது சிஸ்டர். வேற யாரையாச்சும் கேளுங்க."

வேறு யாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

இரண்டொரு நாள் கழித்துப் பரிமளாவே வந்துவிட்டாள். முப்பதைத் தாண்டாத பெண். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது, நாலு வார்த்தைக்கு ஒரு முறை இருமினாள். அவள் வீட்டில் இரண்டு பட்டுத் தறிகள் இருந்தன. புருஷன் சம்பந்தம் நெய்வான், இவள் நூல் இழைத்துக் கொடுப்பாள். அவன் இறந்ததிலிருந்து மாமியார் கமலம் அவளைத் தறிப்பக்கமே விடவில்லை. நெசவுக்காரத் தெருவிலிருந்து ஒரு பெண் காலனிக்குள் வருவதே அபூர்வம். அதையெல்லாம் நினைக்கும் நிலையை அவள் கடந்திருந்தாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதுப் பெண் ஒன்று நின்றது. ரேணுகா. முழங்கையில் ஷீபாவுக்கு இருந்த அதே சொரி.

"அக்கா, லீலா சிஸ்டர் உங்க வூட்டக் காட்டினாங்க" என்றாள் பரிமளா.

சுபத்ரா குழந்தையைத்தான் பார்த்தாள். இரக்கம் வரவில்லை. வந்தது வேறொன்று; சூடாக, தொண்டைவரை. இதற்கு மட்டும் மருந்து வந்துவிட்டது. இது பிழைக்கும். யாரோ பெற்ற இது பிழைக்கும், என் பிள்ளை மண்ணுக்குள் கிடக்கும். கூட்டிக்கொண்டு போய் நான் வேறு பிழைக்கவைக்க வேண்டுமா?

"சிஸ்டர்கிட்டயே சொல்லிட்டேனே. நான் வரல. போங்க."

பரிமளா கெஞ்சவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள். ஏப்ரல் வெயில். ரேணுகா அம்மாவின் முந்தானையை இழுத்து, "தண்ணி" என்றாள்.

தண்ணீர் என்று கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லிச் சுபத்ராவுக்குப் பழக்கமில்லை. உள்ளே போய், கைக்கு எட்டியதை எடுத்துக் குடத்திலிருந்து மொண்டாள். கொண்டுவந்து நீட்டிய பிறகுதான் பார்த்தாள், அது ஷீபாவின் டம்ளர். குழந்தை அதை இரு கையாலும் பிடித்துப் பாதி குடித்துவிட்டு மூச்சு வாங்கியது. மீதியோடு திருப்பி நீட்டியது.

"நல்லா வெளக்கிடுங்க. இல்லாட்டி தனியா வெச்சிடுங்க. நான் குடிச்சத வேற யாரும் குடிக்கக்கூடாது" என்றது. யாரையும் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. பல் துலக்கவேண்டும், கை கழுவவேண்டும் என்பதைப்போல, கற்றுக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தது.

சுபத்ரா டம்ளரை வாங்கினாள். பிறகு அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாய் வைத்து, மீதித் தண்ணீரைக் குடித்தாள். ரேணுகா வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"உள்ள வந்து உக்காருங்க" என்றாள் சுபத்ரா. "காலைல முதல் பஸ்ஸுக்குப் போயிடலாம். செய்யாறு, காஞ்சிபுரம் தாண்டி நேரா தாம்பரந்தான்."

தாம்பரம் ஆஸ்பத்திரியில் மரங்கள் அதிகம். மரத்தடியெல்லாம் அவர்களைப்போலவே ஆட்கள். சேலத்திலிருந்து, ஆந்திராவிலிருந்து, பெட்டியும் போர்வையுமாக. யாரும் யாரையும் என்ன நோய் என்று கேட்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே சுபத்ராவுக்கு அங்கே மூச்சு விடுவது சுலபமாக இருந்தது.

மூவரையும் ரத்தம் எடுக்கக் கூப்பிட்டார்கள். சுபத்ரா வேண்டாம் என்றாள். பரிமளா விடவில்லை. "நீ மாத்திரை சாப்பிடலன்னா நானும் தொடமாட்டேன் அக்கா. சொல்லிட்டேன்." மிரட்டுகிறாளா, பயப்படுகிறாளா என்று தெரியவில்லை. சுபத்ரா கையை நீட்டினாள்.

குழந்தைகளுக்கென்று தனி மாத்திரை அப்போது அங்கே இல்லை. பெரியவர்களின் மாத்திரையைச் சரிபாதியாக உடைத்துக் கொடுக்கவேண்டும். எப்படி உடைப்பது என்று நர்ஸ் சுபத்ராவுக்குக் காட்டினாள். முதல் மாத்திரை பொடியாகப் போயிற்று. இரண்டாவது சரியாக வந்தது.

பரிமளாவுக்கு மட்டும் மாத்திரை உடனே கொடுக்கவில்லை. நெஞ்சில் காசநோய் முற்றியிருந்தது. அதற்கு முதலில் வைத்தியம் பார்க்கவேண்டும் என்று அவளை வார்டில் சேர்த்தார்கள். மாமியாருக்குத் தகவல் போயிற்று. கமலம் வரவில்லை. களத்து வேலை போனால் போகட்டும் என்று சுபத்ரா தங்கிவிட்டாள். ரேணுகா கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கினாள். அருள்ராஜுக்குச் செய்ததையெல்லாம் சுபத்ராவின் கை தானாகச் செய்தது: ஈரத்துணியால் துடைப்பது, புரட்டுவது, முதுகுக்குப் பவுடர் போடுவது. சுற்றியிருந்த கட்டில்களில் ஆளில்லாமல் கிடந்தவர்களும் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் போனாள்.

ஒரு நாள் பரிமளாவின் வாய் முழுக்க வெள்ளையாகப் புண் பூத்திருந்தது. கஞ்சி இறங்கவில்லை. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு ஒரு கிண்ணத்தில் ஐஸ் துண்டுகள் கொண்டுவந்தாள்.

"இத வாயில போட்டுக்கச் சொல்லுங்க. எரிச்சல் அடங்கும். அப்புறம் கஞ்சி குடுங்க, எறங்கும்."

"சளி கட்டாதா சிஸ்டர்?" என்றாள் சுபத்ரா.

"ஒண்ணும் ஆவாது. இதுக்கு இதுதான் நல்லது."

சுபத்ரா ஒரு துண்டை எடுத்துப் பரிமளாவின் நாக்கில் வைத்தாள். பரிமளா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தின் இறுக்கம் மெல்லத் தளர்ந்தது. "அப்பா... இன்னொண்ணு குடு அக்கா."

கிண்ணத்தைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு சுபத்ரா வெளியே நடந்தாள். வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நிற்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, "துப்பிடறேன்னு சொன்னாளே, துப்பிடறேன்னு சொன்னாளே" என்று கதறினாள். அங்கே யாராவது ஒருவர் அழுவது புதிதல்ல. பக்கத்து மரத்தடியில் இருந்த ஆந்திரக்காரி ஒருத்தி எழுந்து வந்து, மொழி தெரியாமல், அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

உள்ளே திரும்பிவந்தபோது ஐஸ் பாதி கரைந்திருந்தது. இன்னொரு துண்டு எடுத்து வைத்தாள். அன்று சாயங்காலம், யாரும் கேட்காமலே, ஷீபாவைப் பற்றிப் பரிமளாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

பரிமளா அவள் பக்கமாகத் தலையைத் திருப்பினாள்.

"அக்கா, நீ கும்புடறியே, அந்த சாமி உம் பொண்ணக் காப்பாத்தல. அப்புறம் எதுக்குக் கும்புடற?"

"கும்புடறேன்னு யாரு சொன்னா? மாசக்கணக்கா திட்டிகினுதான் இருக்கேன்."

"காதுல விழுதா அதுக்கு?"

"விழுதுன்னுதான் தோணுது. ஆளில்லாத வூட்டுல கத்தினா நமக்கே தெரியும் இல்ல, வெறும் சுவருன்னு? அப்பிடி இல்ல. அவரையும் ஆணி அடிச்சித் தொங்கவுட்டாங்க. தாகம்னு கேட்டாரு, புளிச்ச காடி குடுத்தாங்க. பெத்தவ கீழ நின்னு பாத்துகினு இருந்தா. ஏன் கைவிட்டன்னு அவரே கேட்டாரு. அதனால எனக்குப் பதில் சொல்ல மாட்டேங்கறாரோ இன்னாவோ. ஆனா எழுந்து போவல. நான் திட்டத் திட்டப் பக்கத்துலயே உக்காந்துகினு இருக்காப்பல இருக்குது."

"என் பக்கத்துல உக்காருவாரா?"

"உக்காருவாரு."

"நான் வேற சாமியாச்சே."

"நீ இன்னா சாமின்னு கேட்டுட்டா நான் உம் பக்கத்துல உக்காந்துகினு இருக்கேன்?"

பரிமளா சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. சுபத்ரா அவள் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். இருமல் அடங்கியபின் பரிமளா, "எங்க வூட்டுக்காரரு சாவறப்ப எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. நான் மூஞ்சியத் திருப்பிகினேன்" என்றாள்.

"நானும் சொல்லல" என்றாள் சுபத்ரா.

"இப்போ சொன்னாக் கேக்குமா?"

இருவரும் தத்தம் புருஷன் பெயரைச் சொல்லி, அந்த வார்த்தையைச் சொன்னார்கள். பரிமளா கைகூப்பிக்கொண்டு சொன்னாள். சுபத்ராவுக்கு உதடு மட்டும் அசைந்தது.

ஆடி மாதம் பரிமளா இறந்தாள். கடைசியில் பேச்சில்லை. ரேணுகாவின் கையைச் சுபத்ராவின் கைக்குள் வைத்து அழுத்தினாள், அவ்வளவுதான். சுபத்ரா அவளைக் குளிப்பாட்டி, தலைவாரி, நெற்றியில் குங்குமம் வைத்தாள். தாலியறுத்தவளுக்கு வைக்கலாமா என்று பக்கத்துக் கட்டில்காரி கேட்டாள். "அவளுக்குப் புடிக்கும்" என்றாள் சுபத்ரா.

இம்முறை கமலம் வந்தாள், தனியாக. உறவில் ஒருவரும் கூட வரவில்லை. ஊருக்குக் கொண்டுபோனால் சுடுகாட்டில் தகராறு ஆகும் என்று அங்கேயே எரித்தார்கள். எல்லாம் முடிந்தபின் அந்த அம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, ரேணுகாவைத் தொடாமல், தூரத்திலிருந்தே பார்த்தாள்.

"எம் புள்ளையும் போயிட்டான், மருமவளும் போயிட்டா. இதையும் நான் பாத்துகினு கண்ண மூடணுமா? எதாச்சும் விடுதியில வுட்டுடலாம்மா. எனக்குத் தெம்பு இல்ல."

சுபத்ராவுக்குக் கோபம் வரவில்லை. ஏப்ரலில் தன் வாசலில் இதே குழந்தையைத் தானும் போ என்று சொன்னவள்தான். அவள் கமலத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது போவாதும்மா. மாத்திரை வேலை செய்யுது. வந்தப்ப இருந்த சொரி இப்போ இருக்குதா, பாருங்க. மாசா மாசம் நான் கூட்டிகினு வந்து வாங்கித் தரேன். தினம் ரெண்டு வேளை வந்து நானே குடுக்கறேன். நீங்க சோறு மட்டும் போடுங்க. பக்கத்துல படுக்கவெச்சிக்கங்க."

"தொட்டா..."

"ஒண்ணும் வராது." சுபத்ரா குழந்தையைத் தூக்கி, மூக்கைத் தன் முந்தானையால் துடைத்து, கமலத்தின் மடியில் வைத்தாள். அந்த அம்மாளின் கைகள் சிறிது நேரம் காற்றிலேயே நின்றன. பிறகு கீழே இறங்கி, பேத்தியின் முதுகைச் சுற்றிக்கொண்டன. ஒரு வருடமாக அடக்கிவைத்த அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.

அப்படித்தான் அது நடந்தது. காலையும் மாலையும் ஆரணியிலிருந்து முள்ளிப்பட்டுக்கு நடந்து போவாள். முதலில் கொல்லைப்புறக் கதவு வழியாகத்தான் வரச் சொன்னார்கள். கொஞ்ச காலத்தில் முன்வாசல் வழியாகவே போனாள். யார் சொல்லி மாறியது என்று அவளுக்கு நினைவில்லை. ரேணுகா அவளைப் "பெரிம்மா" என்று கூப்பிட்டாள். மாத்திரையை உடைத்து ஒரு பாதியைச் சின்ன உள்ளங்கையில் வைக்கும் ஒவ்வொரு தடவையும் சுபத்ராவுக்கு நெஞ்சில் முள் குத்தியது. அந்த வலி போகவில்லை. போகவேண்டும் என்று அவளும் வேண்டிக்கொள்ளவில்லை.

மறுவருடம் ஈஸ்டர் அன்று, விடியும் முன் கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் ஆராதனைக்குப் போனாள். குப்புராஜ் அவளைக் கண்டதும் தன் கையிலிருந்த மெழுகுவர்த்தியைக் கொடுத்தார். ஷீபாவின் சிலுவைக்குப் பக்கத்தில் அதை நட்டுவிட்டு உட்கார்ந்தாள். சுற்றிலும் பாடினார்கள். அவள் பாடவில்லை. ஷீபா செய்வதைப்போல ஒவ்வொரு பெயராகச் சொன்னாள்: அருள்ராஜ், பரிமளா, சம்பந்தம், ரேணுகா, கமலம்மா, தாம்பரத்தில் தோள் கொடுத்த அந்தப் பெயர் தெரியாத பெண். ஏன் என்று அன்றைக்கும் கேட்டாள். பதில் அன்றைக்கும் வரவில்லை.

2009 தை மாதம் ஒரு காலையில், கமலம் மூச்சிரைக்கக் காலனிக்குள் வந்தாள். அதுவரை அவள் அந்தப் பக்கம் வந்ததில்லை. என்னவோ ஏதோ என்று சுபத்ரா பதறி எழுந்தாள்.

"பெரிய மனுஷி ஆயிட்டாடி, நம்ம ரேணு!"

சுபத்ரா அப்படியே சுவரில் சாய்ந்தாள். இந்த நோய் உள்ள பிள்ளைகள் வளர்வதே கஷ்டம், வயதுக்கு வருவது தள்ளிப்போகும் என்று தாம்பரத்தில் சொல்லியிருந்தார்கள்.

தண்ணீர் ஊற்றும் நாளன்று சுபத்ரா ஒரு பாவாடை தாவணி வாங்கிக்கொண்டு போனாள். வீட்டின் முன் பந்தல் போட்டிருந்தது. வரிசையாகப் பாய் விரித்து, பெரிய பாத்திரத்தில் சாப்பாடு ஆக்கிவைத்திருந்தார்கள். பாய்களில் ஒருவரும் இல்லை. பரிமளாவின் தம்பி, தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டியவன், வரவில்லை. லீலா மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து எட்டிப் பார்த்து, குழந்தை கையில் பணம் திணித்துவிட்டு, டியூட்டி இருக்கிறது என்று ஓடினாள். நேரம் போயிற்று. மணையில் உட்கார்ந்திருந்த ரேணுகா வாசலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, கால் விரலைப் பார்க்க ஆரம்பித்தாள்.

கமலம் மஞ்சள் கலந்த தண்ணீர்க் குடத்தைச் சுபத்ராவிடம் நீட்டினாள்.

"நான் எப்படிம்மா? நான் தாலி இல்லாதவ. அதோட..."

"நானுந்தான் இல்லாதவ. பூவும் பொட்டும் வெச்சிகினு இருக்கறவளுங்க யாரு வந்தா, சொல்லு? இத உசிரோட வெச்சிருக்கறது நீ. ஊத்து."

சுபத்ரா குடத்தை வாங்கினாள். ரேணுகாவின் உச்சந்தலையில் மெல்லச் சாய்த்தாள். மஞ்சள் தண்ணீர் முடியை நனைத்து, நெற்றியில் வழிந்து, மூடியிருந்த இமைகளின் மேல் ஓடியது. சொரியின் தடம்கூட இல்லாத கைகள். பன்னிரண்டு வயதுக்கு உயரமாகத்தான் இருந்தாள். இருந்திருந்தால் ஷீபாவுக்கு இப்போது பதினான்கு ஓடும். இதற்கு முன்னமேயே இந்தச் சடங்கு ஆகியிருக்கும். அவளுக்கு யார் வந்திருப்பார்கள்? உயிரோடு இல்லாத ஒரு பெண்ணின் உயரத்தை, இந்தப் பெண்ணை வைத்துத்தான் அவளால் அளக்க முடிந்தது.

குடத்தைக் கமலத்திடம் கொடுத்துவிட்டு விடுவிடுவென்று கொல்லைப்பக்கம் போனாள். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். சத்தம் வெளியே வராமல் உடம்பு மட்டும் குலுங்கியது. கர்த்தரே என்று சொன்னாள். நன்றியா முறையீடா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்துதான் வந்தன.

"பெரிம்மா!" உள்ளிருந்து ரேணுகா கூப்பிட்டாள். "ஊத்திட்டு எங்க போயிட்ட? குளுருது. ஜல்தி துண்ட எடுத்துகினு வா."

"வரேன், வரேன்" என்று சுபத்ரா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டை உருவிக்கொண்டு உள்ளே போனாள்.